புளியமரத்தில் ஒரு ஹாட்ஸ்பாட்

அன்று புளியமரத்தடியில் அம்மா இருந்தாள், அவளுடைய தம்பியான என் மாமா இருந்தார், நானும் தங்கை செல்வியும் இருந்தோம். குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்த அப்பா இல்லை, எங்கள் ஊரில் என்றைக்குமே இல்லாத "டவரும்" இல்லை. மழை விட்ட ஈரத்தில் புளியந்தழை புளிப்பாக மணந்துகொண்டிருந்தது.

எங்கள் வீட்டில் பன்னிரண்டாவது முடித்த முதல் ஆள் நான். கிடைத்திருந்த கல்லூரி இடத்தை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் அது கைவிட்டுப் போய்விடும் என்ற சேதி, டவுனுக்குப் போய் வந்த ஒருவர் மூலம் மதியம்தான் வந்தது. திருப்பத்தூர் பேருந்து அதற்குள் போய்விட்டிருந்தது.

ஜவ்வாது மலையின் முகடு மறைப்பதால் அலை எங்கள் பள்ளத்துக்குள் இறங்காது. மர உச்சிக்கு மட்டும் அந்தப் பக்கத்து டவர் எட்டும். மாமாவின் புதுப் போனை உச்சியில் வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால், அது டவரிடம் வாங்கி, கீழே எங்கள் பழைய போனுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் என்பது என் கணக்கு. குரங்குக்குப் பயந்து, மாமா போனை எவர்சில்வர் தூக்குவாளியில் போட்டு, மூடி, கிளையில் கட்டிவிட்டு இறங்கினார்.

கீழே ஒன்றும் வரவில்லை. மரத்தின் உயரம்தான் தூரம், ஆனாலும் எங்கள் போன் திரையில் மாமா போனின் ஹாட்ஸ்பாட் பெயர்கூடத் தெரியவில்லை.

"இன்னாடா, உன் போனு தூங்குதா?" என்றாள் அம்மா, மாமாவிடம்.

"உள்ள மூச்சு முட்டுதோ இன்னாவோ," என்று செல்வி சிரித்தாள்.

அவள் கிண்டலாகச் சொன்னதுதான் நிஜம். உலோகச் சுவர் அலையை உள்ளேயும் விடாது, வெளியேயும் விடாது. அதைப் பிறகு கல்லூரியில் படித்தேன். மாமா மறுபடி ஏறி, போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கிளையில் உட்கார்ந்தார்.

"கொரங்கு வந்தா?"

"உன்னப் பாத்தா அதுவே ஓடிடும்டா," என்றாள் அம்மா.

பெயர் தெரிந்தது. வண்டி ஏறாத பாதையில் புளியைச் சின்னச் சின்னச் சுமையாக இறக்குவோமே, தகவலும் அப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். வழியில் விழுந்த துண்டை மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கும். அதனால்தான் கல்லூரியின் இணையப் பக்கம் திறக்க அத்தனை நேரம். அம்மா என் தோளைப் பிடித்தபடியே நின்றாள். ஐந்து அடிக்கச் சற்று முன்பு "உறுதி செய்யப்பட்டது" என்று வந்தது.

"வந்துட்ச்சி மாமா!"

மாமா சந்தோஷத்தில் இரண்டு கையையும் தட்டினார். போன் பாறைமேல் விழுந்து சிதறியது. மேலிருந்தே எட்டிப் பார்த்தவர், "சீட்டு வந்துட்ச்சி இல்ல, வுடு," என்றார்.

இன்று எங்கள் முகட்டிலேயே டவர் நிற்கிறது. போனுக்காக யாரும் மரம் ஏறுவதில்லை. நான் நெட்வொர்க் வேலையில் இருக்கிறேன். என் படிப்புக்கு என்ன செலவானது என்று கேட்பவர்களுக்கு, முதல் செலவை மாமா செய்தார் என்று சொல்வேன். வேறு போன் வாங்க அவர் விற்றது இரண்டு வெள்ளாடு. அதில் ஒன்று சினை.