மூன்றாம் நாளே வந்த பதில்

சமையலறையில் ஒரு டம்ளர் கீழே விழுந்து, உருண்டு, சுவரில் முட்டி நின்றது. படுக்கையறைக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்த அக்காவின் பேனாவும் நின்றது.

தம்பி வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் மணியடிக்காமல் உள்ளே நுழைந்து, நேரே அடுப்பைப் பற்றவைத்து, எல்லோருக்கும் தேநீர் போடுகிற உரிமை அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் உண்டு.

"மாப்ளே, அது எவர்சில்வர். எத்தனை தடவை போட்டாலும் உடையாது" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தார் அவள் கணவர். பேருந்து ஓட்டுநர். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. அன்றைக்கு அவருக்கு வாய் மட்டும்தான் ஓடும்.

எப்போதும் இதற்கு உள்ளேயிருந்து ஒரு பதிலடி வரும். இன்று வரவில்லை. வருமா? "உன் கட்டுரை விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நேர்ல வா" என்று நேற்று அக்கா தொலைபேசியில் சொன்ன பிறகு அவனுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

அப்பா போனபோது அக்காவுக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு ஒன்பது. அம்மா அதற்கும் முன்பே போய்விட்டாள். அக்கா தட்டச்சு கற்றுக்கொண்டு கிடைத்த வேலைக்கெல்லாம் போனாள். அவன் பட்டப்படிப்பு முடிக்கட்டும், மேற்படிப்பு முடிக்கட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசியில் ஓர் ஆய்விதழின் அலுவலகத்தில் வந்து நிலைத்து, இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன.

கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகள், நான்கு இரும்பு அலமாரிகள். வருகிற ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவரின் பெயரை மறைத்து, எண் கொடுத்து, அந்தத் துறையில் தேர்ந்த இரண்டு பேருக்கு அனுப்ப வேண்டும். 'இது அச்சேறலாமா?' என்று அவர்கள் சொல்ல வேண்டும். பெரியவர்கள் லேசில் பதில் எழுதிவிடுவார்களா? முதல் நினைவூட்டல் பணிவாகப் போகும். இரண்டாவது இன்னும் பணிவாக. மூன்றாவது தொலைபேசியில், கிட்டத்தட்ட அழுகையாக. 'ரிமைண்டர் அக்கா' என்றே அவளுக்குப் பெயர் விழுந்துவிட்டது.

பதில் வந்த பிறகு அவளுக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. யாரும் சொல்லாமலே, மதிப்பீட்டாளரின் வீட்டுக்கே தொலைபேசி செய்து நன்றி சொல்வாள். "சும்மா படிச்சுக் குடுக்கறாங்க. வாயால ஒரு நன்றி சொன்னா நாம என்ன குறைஞ்சா போயிடுவோம்?"

தம்பியின் கட்டுரை அந்த மேசைக்குத்தான் வந்தது. கிணற்று நீரில் உப்பு ஏறிக்கொண்டே போவதைப் பற்றியது. உறவினரின் கட்டுரை என்றால் பதிவேட்டில் அதைக் குறித்துவிட்டு, கோப்பைப் பக்கத்து மேசைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. அக்கா கொடுக்கவில்லை. தான் சோறூட்டி வளர்த்த பிள்ளையின் பெயரைத் தன் கையாலேயே மறைத்து எண் போட்டபோது அவளுக்கு எத்தனை பூரிப்பு! அந்தப் பூரிப்பில் விதி மறந்துபோயிற்று. இல்லை, மறக்கவில்லை. மறந்த மாதிரி இருந்துவிட்டாள்.

கேட்டவர்களெல்லாம் நேரமில்லை என்று கைவிரிக்க, எட்டு மாதம் ஓடிவிட்டது. கட்டுரையாளரே ஒரு மதிப்பீட்டாளரின் பெயரைச் சொல்லலாம் என்பது அந்த இதழின் வழக்கம். தம்பி அந்தத் துறையிலேயே பெரிய விஞ்ஞானி ஒருவரின் பெயரை மின்னஞ்சல் முகவரியோடு அனுப்பினான். அவரிடமிருந்து மூன்றாம் நாளே பதில் வந்தது! இருபத்திரண்டு வருடத்தில் காணாத அதிசயம். அக்கா பழைய பதிவேட்டைத் தேடி எடுத்து, விஞ்ஞானியின் வீட்டு எண்ணைச் சுழற்றினாள். அவருடைய மனைவி எடுத்தார்.

"நன்றியா? எதுக்கும்மா? அவர் பக்கவாதத்துல படுத்து ஒரு வருஷம் ஆச்சே. கரண்டியே பிடிக்க முடியலை, பேனாவை எங்க பிடிக்கறது? அவர் பேர்ல யாரும்மா எழுதினது?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று அக்கா வைத்துவிட்டாள். விசாரிக்க என்ன இருக்கிறது? அந்த முகவரியைக் கொடுத்தவன் ஒருவன்தானே! விஞ்ஞானியின் வீட்டில் பேசியதைச் சொல்லித்தான் அவனை நேரில் வரச் சொன்னாள்.

தம்பி தேநீரோடு அறை வாசலில் வந்து நின்றான். கண்கள் சிவந்திருந்தன.

"நீ அவங்க வீட்டுக்கெல்லாம் போன் பண்ணுவேன்னு எனக்குத் தெரியாதுக்கா."

"இருபத்திரண்டு வருஷமா பண்றேன். அக்கா ஆபீஸ்ல என்ன வேலை பண்றான்னு என்னிக்காவது கேட்டிருக்கியாடா?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "நூத்திப் பன்னெண்டு கிணறு. ஒவ்வொண்ணுலயும் நானே இறங்கித் தண்ணி மொண்டு வந்தேன். ஒரு கணக்குகூடப் பொய் இல்லை. உன் ஆபீஸ்ல அது எட்டு மாசம் தூங்கிச்சு. அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ. நான் என்னதான் பண்ணட்டும்?"

"கிணறெல்லாம் நிஜம்தான். பாத்துச் சொன்ன கண்ணு பொய்யாச்சே! மூணாவது அட்டவணை தெளிவா இல்லைன்னு உன்னை நீயே திட்டி வேற எழுதியிருக்கே."

"அப்பதானே நம்புவாங்க…"

"திட்டறதுக்கு ஆள் வேணும்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாமே மாப்ளே" என்றார் கணவர் கூடத்திலிருந்து. யாரும் சிரிக்கவில்லை. அவருமே சிரிக்கவில்லை.

தம்பி அவள் காலடியில் உட்கார்ந்தான். "கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன்னு எழுதிடறேன். உங்க இதழாசிரியருக்கு நீ எழுதி வெச்சிருக்கற இந்த லெட்டரைக் கிழிச்சிடுக்கா. யாருக்கும் தெரியாது."

எவ்வளவு சுலபம்! அக்காவின் மனம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தேவிட்டது. ஆனால் யார் எழுதினது என்று கேட்ட அந்த அம்மாளின் குரல் காதைவிட்டுப் போனால்தானே?

"அந்த மனுஷன் வாய் பேச முடியாமக் கிடக்கறார்டா. நீ அவர் பேரைப் பேச வெச்சுட்டே. நாளைக்கு அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?"

"அப்ப நான் உனக்கு யாருமே இல்லையா?"

அக்காவுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. "உன் பள்ளிக்கூட ஃபாரம் ஒவ்வொண்ணுலயும் பாதுகாவலர்னு கையெழுத்துப் போட்டவடா நான். அதே கையெழுத்தைத்தான் இதுலயும் போட்டிருக்கேன். படிச்சுப் பார்."

கிழிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் படித்தான். இரண்டாவது பத்திக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. 'கட்டுரையாளர் என் உடன்பிறந்த தம்பி. அதை மறைத்து இந்தக் கோப்பை நானே கையாண்டேன். என் மீதும் நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

"இதை எதுக்குக்கா எழுதினே? உனக்கு ரிடையராக இன்னும் கொஞ்ச வருஷம்தானே? வேலை போயிடும்கா!"

"போனாப் போகட்டும்."

"இந்த ஒரு பாராவை மட்டும் எடுத்துடு. என்னைப் பத்தி என்ன வேணா எழுதிக்கோ. உன் கால்ல விழறேன்."

தன்னைக் காப்பாற்றச் சொல்லி வந்தவன், இப்போது அவளுக்காகக் கெஞ்சினான். இதற்கு மேல் அவள் எப்படித் தாங்குவாள்? அவன் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"உன்னை மட்டும் எழுதினா அது காட்டிக்கொடுக்கறதுடா. நான் பண்ணினதையும் சேர்த்து எழுதினாத்தான் அது நடந்த விஷயம்."

அவன் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிறகு சின்னப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தான்: "எட்டு மாசம் தூங்கிச்சே, அதை எழுதலையே நீ."

நியாயம்தான். அக்கா பேனாவை எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்தாள்: 'இக்கட்டுரை எட்டு மாதம் இங்கே கிடந்ததும் நம் அலுவலகத்தின் தவறே.'

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்க ஆசிரியர் கையில குடுக்கப்போறேன். அதுக்குள்ள நீயே அவருக்கு எழுதிட்டா, உன் வாயால சொன்னதா இருக்கும்" என்றாள்.

அவன் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினான். கணவர் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "சாப்பிட்டுப் போ மாப்ளே."

"இல்லை மாமா. ஒரு லெட்டர் எழுதணும்."

யாருக்கு என்று அக்கா கேட்கவில்லை. அவன் படியிறங்கித் தெருத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.