ஒன்றாம் நம்பர் பிளாப்பி

அருள்சாமி சார் இறந்துவிட்டதாக அவர் மகன் போன் செய்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். அவரிடம் படித்த நீங்களெல்லாம் "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சார்" என்கிறீர்கள். யோசித்துப் பார்த்தேன், நாலு தேறவில்லை.

தாலுகா ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். இருந்தது ஒரே மெஷின், அதுவும் யாரோ கழித்துக்கட்டியது. போர்டில் மட்டும் 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங், சி பிளஸ் பிளஸ்' என்று கொட்டை எழுத்து. அதற்கான மென்பொருளே கிடையாது. பிள்ளைகள் நோட்டில் புரோகிராம் எழுத, சார் சிவப்பு மையால் டிக் போடுவார். "ஓடும்லே, எனக்குத் தெரியாதா?" என்பார். ஒரு எழவும் தெரியாது.

மென்பொருளைத் தேடி மதுரைக்கு அலைந்தது நான். எல்லாக் கடையிலும் கெட்டியான சின்ன பிளாப்பியில் வைத்திருந்தார்கள். எங்கள் மெஷின் வாங்குவதோ வளைந்து கொடுக்கும் பெரிய பிளாப்பி. மூன்றாவது நடையில் ஒரு புண்ணியவான் மூன்று பெரிய பிளாப்பிகளில் ஏற்றிக் கொடுத்தார். மூன்றும் சேர்ந்தால்தான் மென்பொருள் ஓடும்.

சார் அவற்றைப் பங்கு பிரித்தார். ஒன்றாம் நம்பர் அவருக்கு, இரண்டு ஜெசிந்தா டீச்சருக்கு, மூன்று எனக்கு. நாங்கள் இருவரும்தான் அங்கே பாடம் நடத்தியவர்கள். "ஒரே ஆளுகிட்ட இருந்தா தூக்கிட்டுப் போயிருவான்ல?" என்றார். நகல் எடுக்கலாமே என்றேன். அது திருட்டுக்கு வழியாம். அடேயப்பா, என்ன நிர்வாகம்!

நாங்கள் கொண்டுபோகும் போதெல்லாம் கரண்ட் சரியில்லை, மெஷின் சூடு என்று தட்டிக் கழித்தார். எனக்குப் பெங்களூரில் இன்டர்வியூ வந்தது. போவதற்குள் ஒரே ஒரு புரோகிராமையாவது ஓட்டிப் பார்த்துவிடவேண்டும் என்று கெஞ்சினேன். எங்கள் பிளாப்பிகளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். செத்த நேரத்தில் வெளியே வந்து, பிள்ளைகள் முன்னாலேயே கத்தினார்.

"ரெண்டாம் நம்பரைக் கெடுத்து வச்சிருக்கு இந்தப் பொம்பள!"

"நான் கவரைக்கூடப் பிரிக்கல சார். அம்புட்டு பத்திரமா வச்சிருந்தேன்" என்று டீச்சர் அழுதார்.

நான் சாரை நம்பினேன். மறுநாளே டீச்சர் வேலையை விட்டுவிட்டார். பெங்களூரில், "நீ எழுதினது எதையாவது ஓட்டிப் பார்த்திருக்கியா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அதோடு அனுப்பிவிட்டார்கள். அந்த ஆத்திரத்தில் ஜெசிந்தா டீச்சரைக் கடைவீதியில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். பல வருடம் அப்படிப் போனேன்.

அடக்கம் முடிந்தபின் சாரின் மனைவி, "ஒங்க சென்டர் சாமான் எதோ கெடக்கு, எடுத்துக்கங்க தம்பி" என்று ஒரு ஃபைலைக் கொடுத்தார். மேலே சாரின் அழகான கையெழுத்தில் 'பெறப்பட்டது'. தேதி, நான் மதுரையிலிருந்து வந்த அதே நாள். உள்ளே ஒன்றாம் நம்பர் பிளாப்பி. தாலுகா ஆபீஸ் வழக்கப்படி பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போட்டு, டேக் கயிற்றில் கோத்து, முடிச்சும் போட்டிருந்தார் அந்த மனிதர்.

ஓட்டை விழுந்த பிளாப்பி எந்த மெஷினிலும் ஓடாது. வந்த அன்றே அதைக் கொன்றுவிட்டு, சாகும்வரை வாய் திறக்கவில்லை.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஓட்டை பிளாப்பி மட்டுமே. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது ஜெசிந்தா டீச்சர் இருக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அவர் வீட்டு வாசலில் நின்று நான் மன்னிப்புக் கேட்கவேண்டும்.