மாமா சாத்திய ஜன்னல்

போன ஞாயிறு அக்கா வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது.

இதெல்லாம் ஒரு சேதியா என்பீர்கள். திருவண்ணாமலையில் மலை தெரிவதற்காகவே ஜன்னல் வைக்கிறவர்கள் நாங்கள். அந்த ஜன்னல் ஏழு மாதமாக மூடிக் கிடந்தது. சாத்தியவர் மாமா.

மாமா, அக்காவின் கணவர். பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். அத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை சும்மா இருக்குமா? செல்போன் ரம்மி வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் பொழுது போனது. அப்புறம் பென்ஷன். அப்புறம்… அக்காவின் வளையல்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கிரிவலம் கூட்டிப்போனோம். வழியில் இருக்கிற எட்டு லிங்கத்தின் முன்னாலும் கற்பூரம் ஏற்றி, "இனிமே தொடமாட்டேன்"னு கையால் அடித்து அணைக்க வைத்தோம். யோசனை என்னுடையது. பெருமை வேறு!

ஒன்பதாம் நாள் மாமா மறுபடி ஆடினார். இந்தமுறை ஒளிந்து. எட்டு சத்தியம் உடைத்தவர் யாரிடம் போய்ச் சொல்வார்? பாத்ரூமில் ஆடினார், மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஆடினார். தெருவில் குனிந்தே நடந்தார். ஜன்னலைச் சாத்தினார். கேட்டால், வெயில் ஜாஸ்தியாம்!

ஒருநாள் அக்கா பிடித்துவிட்டாள். மாமா குழந்தை மாதிரி அழுதார். "மலையப் பாக்க முடியலடி…"

ஆஸ்பத்திரிக்குப் போனோம். மனநல டாக்டர் ஒரு சின்னப் பெண். நான் எட்டு லிங்கக் கதையைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், சுகர் ஏறினா மாத்திரை குடுப்பீங்களா, சத்தியம் வாங்குவீங்களா?"

"மாத்திரைதான்" என்றேன்.

"இதுவும் நோய்தாங்க. நடுவுல தடுமாறுவாரு. அன்னிக்கே வீட்ல சொல்லணும். சொன்னா நீங்க திட்டக்கூடாது. பாதி வைத்தியம் அதுதான்."

மீதிப் பாதி? பட்டன் போன். பேங்க் கார்டு அக்காவிடம். வாராவாரம் கவுன்சலிங், அங்கே இவர் வயசுக்காரர்கள் நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து மனசு விட்டுப் பேசுகிறார்கள். ஆட வேண்டும் போலிருந்தால் கால் மணி நேரம் வேறு வேலையில் கையை வைக்க வேண்டும். மாமா வெங்காயம் உரிக்கிறார்.

"ஞாயித்துக்கிழமையும் வெங்காய சாம்பார்தாண்டா" என்றாள் அக்கா, போன ஞாயிறு நான் போனபோது. "போன மாசத்துக்கு இப்ப கம்மி."

சாப்பிட உட்கார்ந்தோம். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, தட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"காலைல சலூன்ல… ஒருத்தன் போனை வாங்கி ரெண்டு ஆட்டம் ஆடிட்டேன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். அப்புறம் அவர் தட்டில் சாம்பாரை ஊற்றினாள்.

"அடுத்த வாட்டி முடி வெட்டப் போறப்ப நானும் வரேன். சாப்பிடுங்க."

"சலூனுக்கா? ஊரே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். நீங்க சொல்லிட்டீங்கல்ல… அது போதும்."

மாமா கை கழுவினார். நேரே ஜன்னலுக்குப் போனார். தாழ்ப்பாள் துருவேறி இறுகியிருந்தது. இரண்டு கையாலும், கியர் போடுகிற மாதிரி, இழுத்தார்.

மலை அங்கேயேதான் இருந்தது. கோபமாக இருந்தது போலத் தெரியவில்லை.