எல்லம்மாள் கேட்ட சத்தம்

அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே எல்லம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பாள். சமையல்கட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே, எட்டு விசைத்தறிகள் அடித்துக்கொண்டிருக்கும். வெளியூர்க்காரர்களுக்கு அது காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய இரைச்சல். அவளுக்கு அது எட்டுப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. "அஞ்சாவது தறியில பெல்ட்டு வழுக்கிகினு கீது பாருங்க" என்று புருஷனுக்குக் குரல் கொடுத்துவிட்டு மறுபடி குழம்பைக் கிளறுவாள். வேதாசலம் போய்த் தொட்டுப் பார்ப்பார். பெல்ட் வழுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

திருத்தணியில் மலையடிவாரத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது அவர்கள் வீடு. எல்லம்மாளுக்கு நாற்பத்தாறு வயது. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அதை வைத்து அவள் எழுதி யாரும் பார்த்ததில்லை. சாப்பாடு நின்றபடிதான். இடுப்பில், சாவிக்கொத்தோடு, உடைந்த தறியிலிருந்து எடுத்த ஒரு சாண் மரக்கட்டை தொங்கும். ஏதாவது தறியின் மேல் சந்தேகம் வந்தால் கட்டையின் ஒரு முனையைப் பேரிங்கின் மேல் ஊன்றி, மறுமுனையைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வாள். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கிற மாதிரி இருக்கும். "ஆங்" என்பாள். அந்த ஒரு சொல்லை வைத்தே தறியில் நிற்கிறவர்கள் வேலையை நிறுத்துவதா, ஓட்டுவதா என்று தெரிந்துகொள்வார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. தறிக்கொட்டகை இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால், அங்கே எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசப் பழகியவர்கள். எல்லம்மாளும் வேதாசலமும் அதில் கைதேர்ந்து, கல்யாண வீட்டில் ஆண்கள் பந்தியில் அவர், பெண்கள் பந்தியில் இவள் என்று உட்கார்ந்துகொண்டே முழுக் கதையும் பேசி முடித்துவிடுவார்கள். சத்தமே வராது. தெருவில் இதனால் அவர்கள்மேல் கொஞ்சம் பயம் உண்டு.

எண்பத்துமூன்றாம் வருஷம் மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தது. அரக்கோணத்திலிருந்து நூல் மூட்டை பஸ் கூரையில்தான் வரும். அன்று வழியில் கொட்டிய மழையில் நான்கு மூட்டையும் ஊறிப்போயின. நூல் காய ஐந்து நாள். எட்டுத் தறியும் அந்த ஐந்து நாளும் வாய்மூடிக் கிடந்தன. வீட்டில் அவ்வளவு அமைதியை எல்லம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கேட்டதில்லை. சமையல்கட்டில் நிற்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஒன்பதாவது தறி வாங்கவென்று சீட்டுப் பணம் சேர்த்து வைத்திருந்தார்கள். ஆறாம் நாள் காலை, நூல் காய்ந்து தறி ஓடத் தொடங்கியதும், அவள் புருஷனிடம் சொன்னாள்: "அந்தப் பணத்துக்கு ஒரு வண்டி வாங்கலாம்ங்க."

"வண்டியா? தறி வாங்கத்தான சேத்தோம்?"

"ஒன்பதாவது தறி வந்தா, அடுத்த மழைக்கு ஒன்பதும் நிக்கும். வண்டி வந்தா எட்டும் ஓடும்."

வேதாசலம் சாது. பதில் சொல்லத் தெரியாதபோது துண்டை எடுத்துத் தோளில் மாற்றிப் போட்டுக்கொள்வார். அன்று மூன்று முறை மாற்றிப் போட்டார்.

தெருவில் சேதி பரவியது. நெசவு செய்கிறவளுக்குப் பிளஷர் கார் கேட்கிறதாம் என்று சிரித்தார்கள். வேன் வாங்கப் பணம் போதாது என்பதும், பழைய டீசல் காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டால் ஆறு மூட்டை ஏற்றலாம் என்பதும் அவர்களுக்கு யார் சொல்வது? எல்லம்மாள் சொல்லவில்லை. தரகர் சிங்காரத்துக்கு மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சிங்காரம் பத்தாம் நாள் வந்தார். திருவாலங்காட்டில் கௌரியம்மாள் என்று ஒருத்தி. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் லாரிகள் விட்டுக்கொண்டிருந்த அவளுடைய புருஷன் போன வருஷம் இறந்துவிட்டார். அவர் ஓட்டிய கார் கொட்டகையில் நிற்கிறது. டீசல் வண்டி. "ஆனா அண்ணி, மறைக்க மாட்டேன். கிராங்க் போயிட்ச்சு. மூணு பேர் பாத்துட்டாங்க. உங்க ஊர் ராஜகோபால் மேஸ்திரியும் பாத்துட்டான். இரும்பு விலைக்குத்தான் போவும். எடுத்து வேற இஞ்சின் மாட்டிக்கலாம்."

கிராங்க் என்பது இஞ்சினின் நடுத்தண்டு; அது போனால் வேறு இஞ்சின்தான், அதற்கு இன்னொரு கார் வாங்குகிற செலவு. வேதாசலம் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டார். "போயி பாத்துட்டு வரலாம். பாக்க காசா கேக்கறாங்க" என்றாள் எல்லம்மாள். ராஜகோபாலையும் கூட்டிக்கொண்டாள். அவனுக்கு முப்பது வயதிருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பட்டறை வைத்திருந்தான். பொய் பேசாதவன், ஆனால் அவசரக்காரன்.

கொட்டகையில் கார் நின்ற இடத்தில் கோழி அடைந்திருந்தது. வெள்ளை நிறம் பழுத்து மோர் நிறமாகியிருந்தது. முன்சீட்டின் ஸ்பிரிங் ஒன்று ரெக்சினைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. கௌரியம்மாள் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டு, வந்தவர்களைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாக யார் யாரோ வந்து குறை சொல்லிவிட்டுப் போவதைக் கேட்டுக் கேட்டு அலுத்த முகம்.

ராஜகோபால் கொண்டுவந்த பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பினான். இரண்டு முறை இருமி, கரும்புகை கக்கி, இஞ்சின் பிடித்துக்கொண்டது. கோழிகள் சிதறின. அந்த இரைச்சலுக்கு நடுவே, உலக்கை போட்ட மாதிரி, டொக் டொக் என்று ஒரு சத்தம் தனியாகக் கேட்டது.

"கேக்குதா அக்கா?" என்று ராஜகோபால் கத்தினான். "கிராங்க் பேரிங். மலையேத்துல பாதி வழியில உடஞ்சிடும்."

 எல்லம்மாள் முந்தானையை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டாள். சுழலும் விசிறிக்குப் பயந்து சிங்காரம் இரண்டடி பின்னால் போனார். அவள் முன்னால் போனாள். மரக்கட்டையை இஞ்சின் வயிற்றுப் பக்கம் ஊன்றிக் காதை வைத்தாள். அங்கே சத்தம் மங்கலாக இருந்தது. நடுவில் வைத்தாள். பிறகு முன்பக்கம், பெல்ட் ஓடுகிற புல்லிக்குப் பக்கத்தில். அங்கே கட்டை அவள் காதையே குத்தியது.

கையைத் தூக்கி, வேகம் கூட்டு என்று சைகை காட்டினாள். ராஜகோபால் மிதித்தான். இஞ்சின் உறுமியது. டொக் டொக் காணாமல் போய்விட்டது. காலை எடுத்தான், திரும்பி வந்தது. மறுபடி மிதிக்கச் சொன்னாள், மறுபடி போயிற்று.

இந்தச் சத்தம் எல்லம்மாளுக்குப் பழக்கமானது. தறி மோட்டாரில் புல்லி தண்டில் வழுக்காமல் பிடித்திருக்கும், சாவி என்கிற சின்ன இரும்புத் துண்டு தேய்ந்துவிட்டால் இதே டொக்குத்தான் வரும். மெதுவாக ஓடும்போது அடிக்கும், வேகம் பிடித்தால் அடங்கும். உள்ளே பேரிங் போயிருந்தால், மிதிக்க மிதிக்க ஏறும். இஞ்சினுக்கு ஒன்றுமில்லை. விரல்நகம் அளவு இரும்பு தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அவள் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். காரின் அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார். நடுவில் இஞ்சின் அலறிக்கொண்டிருந்தது. எல்லம்மாளின் உதடு மட்டும் அசைந்தது.

"கிராங்க் இல்ல. புல்லிச் சாவி."

வேதாசலத்தின் முகம் மலர்ந்தது. "நெஜமாவா? அப்ப இரும்பு விலைக்கே எடுத்துடலாமே."

"அந்த அம்மாவாண்ட சொல்லணும்."

"சொன்னா விலை ஏறிடும். நம்மால முடியாது."

"தெரியும்."

"அப்ப?"

எல்லம்மாள் கௌரியம்மாளைப் பார்த்தாள். அவள் இன்னும் நிலைப்படியிலேயே நின்றாள், கை மட்டும் கதவுச் சட்டத்தைத் தடவிக்கொண்டிருந்தது. ஈர நூலை வைத்துக்கொண்டு ஐந்து நாள் உட்கார்ந்திருந்தபோது, வந்தவர்களெல்லாம் "இது தேறாது, வந்த விலைக்குத் தள்ளிடு" என்று தன்னிடம் சொல்லிவிட்டுப் போனது எல்லம்மாளுக்கு நினைவு வந்தது. நூல் தேறியது. அந்த ஐந்து நாளும் யாராவது ஒருவர் தேறும் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

"சொல்லிடறேங்க" என்று உதட்டால் சொன்னாள்.  வேதாசலம் தலையை அசைத்தார். துண்டு தோளிலேயே இருந்தது.

இஞ்சினை அணைக்கச் சொல்லிவிட்டு எல்லம்மாள் நிலைப்படிக்குப் போனாள். "அக்கா, வண்டி சாவல. இஞ்சின் கல்லு மாதிரி கீது. முன்னாடி புல்லியில சின்னச் சாவி ஒண்ணு தேஞ்சி போயிருக்கு, அதான் சத்தம். இரும்பு விலைக்கு யாருக்கும் குடுத்துடாதீங்க."

சிங்காரம் பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "இன்னா அண்ணி இது. வாங்க வந்த எடத்துல யாராச்சும் இப்படிப் பேசுவாங்களா?"

"நான் பேசறேன்."

கௌரியம்மாள் எல்லம்மாளின் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். சட்டென்று திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். கதவு பாதி சாத்திக்கொண்டது. போச்சு என்று வேதாசலத்தின் உதடு சொன்னது. சிங்காரம் குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

இதற்குள் ராஜகோபால் காருக்கு முன்னால் மண்டியிட்டிருந்தான். நட்டைக் கழற்றி, புல்லியை உருவி, உள்ளே இருந்ததை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறை மாதிரி ஒரு துண்டு இரும்பு. ஒரு பக்கம் முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது.

"அக்கா," என்றான், தலை தூக்காமல். "நான் கிராங்க்குன்னு சொல்லிட்டேனே."

"சொன்ன. அத்த விடு. இத்த மாத்து."

அவன் பையிலிருந்து ஒரு எஃகுத் துண்டை எடுத்து அரத்தால் ராவ உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் அரத்தின் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. புதுச்சாவியை மாட்டி, நட்டை முறுக்கி, இஞ்சினைக் கிளப்பினான். டொக் இல்லை. தடதடவென்று ஒரே சீராக ஓடியது. 

அந்தச் சத்தம் கேட்டுத்தான் கௌரியம்மாள் வெளியே வந்தாள். கையில் வண்டியின் காகிதங்கள் இருந்தன. கண் சிவந்திருந்தது. "அவர் இருக்கச்சே இப்படித்தான் ஓடும்" என்றாள். பிறகு எல்லம்மாளிடம் சொன்னாள்: "வந்தவங்க எல்லாரும் செத்துப்போச்சுன்னு சொல்லித்தான் விலை கேட்டாங்க. நீ ஒருத்திதான் உயிரோட கீதுன்னு சொன்ன. உன்னாண்ட எவ்ளோ கீதோ அத்தக் குடுத்துட்டு எடுத்துகினு போம்மா."

எல்லம்மாள் சீட்டுப் பணம் முழுவதையும் கொடுத்தாள். அது இரும்பு விலையைவிடப் பல மடங்கு அதிகம். ஓடுகிற காரின் விலையைவிட நிறையவே குறைவு. இரண்டு பெண்களுக்கும் மனம் நிறைந்தது. சிங்காரத்துக்குத் தரகு வந்ததில் அவருக்கும் பேச்சு திரும்பிவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மலைக்குமேல் வண்டிக்குப் பூஜை. சேதி கேட்டுத் தெருவே வாசலுக்கு வந்து நின்றது. கிராங்க் போன வண்டி பாதி மலையில் உருண்டு வரும் என்று சிலர் காத்திருந்தார்கள். பின்சீட்டைக் கழற்றிவிட்ட இடத்தில் தங்கள் தறியில் நெய்த ஆறு லுங்கி மூட்டைகளை எல்லம்மாள் ஏற்றினாள்.

"அக்கா, மொத தடவ. காலியா ஏத்தலாமே" என்றான் ஸ்டீயரிங்கில் இருந்த ராஜகோபால்.

"காலி வண்டியைச் சாமியாண்ட காட்டி இன்னா பண்றது. சுமை தூக்கத்தான வாங்கினோம்."

ரயிலில் வந்திருந்த கௌரியம்மாள் மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்; அந்த உயரம் அவளுக்குப் பிடித்திருந்தது. எல்லம்மாள் முன்சீட்டில். வேதாசலம் மட்டும் ஏறவில்லை. வேண்டுதல் என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். வேண்டுதல் இல்லை, பயம் என்று அவளுக்குத் தெரியும். 

மலைப்பாதையில் முதல் வளைவில் வண்டி கொஞ்சம் முனகியது. ராஜகோபால் இரண்டாம் கியருக்கு மாற்றினான். அவ்வளவுதான், அதன்பிறகு அது நிற்கவில்லை. ஆறு மூட்டையையும் மூன்று ஆட்களையும் சுமந்துகொண்டு, கோயில் யானை போல, ஒரே நடையாக ஏறியது. காவடி தூக்கி நடந்தவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். கீழே ஊரும் ரயில் பாதையும் நந்தியாற்றின் மணலும் சிறுத்துக்கொண்டே போயின. கௌரியம்மாள் பின்னாலிருந்து, "ஏறுது, ஏறுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள், ஜன்னல் வழியாக யாருக்கோ சேதி சொல்வதுபோல.

உச்சியில் கோயில் வாசலுக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. குருக்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார். எல்லம்மாள், கொஞ்சம் இருக்கச் சொன்னாள். அவள் கண் படிக்கட்டின் மேல்முனையில் இருந்தது.

கால் மணி நேரம் கழித்து, முந்நூற்று அறுபத்தைந்து படியையும் ஏறி, சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ள, முழங்காலைப் பிடித்தபடி வேதாசலம் மேலே வந்து சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே நிமிர்ந்தவர், மோர் நிறக் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

எல்லம்மாள் ஜன்னல் வழியாக உள்ளே கையை நீட்டி ஹாரனை அழுத்தினாள்.

சன்னதிக்கு வந்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "அக்கா, கோயில் வாசல்" என்றான் ராஜகோபால், மெதுவாக.

"ஆங்" என்றாள் எல்லம்மாள். கையை எடுக்கவில்லை.