நாற்பது குரலில் ஒரு குரல்

குனியோ ஹிராகாவாவுக்கு மனைவியின் முகம் மறக்கவில்லை, குரல்தான் மறந்துபோனது. மனைவி ஃபுசாயே இறந்த முதல் வருடச் சடங்கு முடிந்து, புத்த பிட்சு தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிய அன்று மாலை அது அவருக்குத் தெரிந்தது. "சோறு ஆறுது, வாங்க" என்று தினமும் கூப்பிடுவாளே, அதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். வார்த்தைகள் வந்தன. குரல் யாருடையதோ. பயந்துபோய் வீட்டையே புரட்டிப் போட்டார். புகைப்படங்கள் பெட்டி பெட்டியாகக் கிடைத்தன. குரல் இருந்தது ஒரே ஒரு சிடியில்தான். அவள் பாடிவந்த தாய்மார் பாட்டுக்குழு ஒரு போட்டியில் பாடியதைப் பதிவு செய்து, உறுப்பினர்களுக்கு மட்டும் கொடுத்த சிடி. அதிலும் நாற்பது பெண்கள் சேர்ந்து பாடியிருந்தார்கள்.

அந்த நாற்பதிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அதுவும் கைவிட்டுப் போனால் அவள் மொத்தமாகவே போய்விடுவாள் என்று குனியோ நினைத்தார்.

சமையலறையில் அரிசி குக்கருக்குப் பக்கத்தில் ரேடியோவும் சிடியும் சேர்ந்த மலிவுப் பெட்டி ஒன்று இருந்தது, ஃபுசாயே வாங்கி வைத்தது. அதில் போட்டால் நாற்பது பேரும் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போலிருந்தது. காதை ஒட்டிவைத்துக் கேட்டும் பயனில்லை. பெட்டி மட்டம் என்று முடிவு கட்டினார். ஆயுசு முழுக்க ஒசாகாவில் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். வண்டி சரியில்லையென்றால் வண்டியை மாற்று, இதுதான் அவருக்குத் தெரிந்த வைத்தியம். ஓட்டுபவன் மேல் கோளாறு இருக்கலாம் என்ற யோசனை அவருக்குச் சீக்கிரத்தில் வராது.

நிப்பொன்பாஷி கடைத்தெருவில் மியாகே என்பவரின் ஆடியோ கடைக்குப் போனார். உள்ளே தடித்த திரை போட்ட அறை ஒன்று உண்டு. சொந்த சிடியைக் கொண்டுபோய், வேண்டிய பெட்டியில் போட்டு, உட்கார்ந்து கேட்கலாம். வாங்கித்தான் ஆக வேண்டுமென்று யாரும் கழுத்தில் கத்தி வைப்பதில்லை. குனியோ சனிக்கிழமை தவறாமல் வந்தார். அந்த நாற்காலிக்கு இனி வாடகை கேட்கப்போவதாக மியாகே கிண்டல் செய்தார். குனியோ சிரிக்கவில்லை.

மியாகே நேர்மையான ஆள். பெட்டியை மாற்றும்போதெல்லாம் ஒலி அளக்கும் கருவியை நாற்காலியில் வைத்து, இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தாமல் கேட்கவிட மாட்டார். கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் வந்தால் அதுதான் உசத்தி என்று காது ஏமாந்துவிடும் என்பார். அவர் கணக்குப்படி சமையலறைப் பெட்டிக்கும் கடையில் இருப்பதிலேயே மலிவான சிடி பிளேயருக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். அதற்கு மேல் போகப் போக வித்தியாசம் மயிரிழைதான். அந்த மயிரிழைக்காக வீட்டை விற்றவர்களையும் தனக்குத் தெரியும் என்று எச்சரித்தார். குனியோவுக்கு வேண்டியதே அந்த மயிரிழைதான், எச்சரிக்கை காதில் எங்கே ஏறும்? ஒவ்வொரு படியாக ஏறி, கடைசியில் இரண்டு சின்னக் கார்களின் விலை போட்டிருந்த பெட்டிக்கு வந்து நின்றார்.

அதில் குரல்கள் தனித்தனியாக நின்றன. யாரோ தாள் புரட்டியது கேட்டது. யாருடைய செருப்போ மேடையில் உரசியது. ஒவ்வொரு குரலாக, நீயா, நீயா என்று தேடிக்கொண்டே போனார். எல்லாமே நல்ல குரல்கள், எதுவுமே அவளுடையது இல்லை.

"இதுக்கு மேல என்ன பெட்டி இருக்கு?" என்று கேட்டார்.

"இதுக்கு மேல இங்க ஒண்ணும் இல்லீங்க," என்றார் மியாகே.

அந்த அறையிலேயே குனியோ உடைந்து அழுதார். திரை தடிமனானது என்பதால் வெளியே கேட்கவில்லை.

அடுத்த வாரம் தொகுனாகா அம்மாளைக் கெஞ்சிக் கூட்டி வந்தார். பாட்டுக்குழுவில் கீழ்க்குரல் வரிசையில் ஃபுசாயேக்குப் பக்கத்தில் நின்று பாடியவர். அவள் குரல் எது என்று விரலை நீட்டிக் காட்டினால் போதும் என்றார் குனியோ. அந்த அம்மாள் ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுக் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஹிராகாவா சான், தனியா ஒரு குரல் தெரிஞ்சா எங்களுக்குத் திட்டு விழும். கலந்துபோறதுதான் பயிற்சியே. அதுல ஃபுசாயே மாதிரி கெட்டிக்காரி கிடையாது. பக்கத்துல நின்ன எனக்கே கேக்காது."

பிறகு அந்த அம்மாளே கேட்டுவிட்டார். "வீட்டுல பாடியிருப்பாளே. அவ குரல் உங்களுக்குத் தெரியாதா?"

குனியோவுக்குத் தெரியாது. அதிகாலை வண்டி ஓட்டிவிட்டு வந்து பகலில் தூங்குபவர். கல்யாணமான புதிதில் அவள் துணி மடித்துக்கொண்டே பாடினாள், "கொஞ்சம் வாயை மூடுறியா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். ஒரு முறைதான் சொல்ல வேண்டியிருந்தது. அதன் பிறகு அவள் யோதோ ஆற்றங்கரைக்குப் போய்ப் பாடினாள் என்று தொகுனாகா அம்மாள் இப்போதுதான் சொன்னார். போட்டிகளுக்கு இவர் ஒருநாளும் போனதில்லை, எப்போதும் டியூட்டி. காதுகொடுத்துக் கேட்டே இராத பாட்டுக் குரலை எத்தனை விலை கொடுத்தும் எந்தப் பெட்டியிலும் அடையாளம் காண முடியாது. இத்தனை வாரமாக மனிதர் பெட்டிகளைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

யாரும் நிறுத்தாததால் சிடி ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டுக்கு முன் மேடை அமைதியானது. நாற்பது பேரும் சேர்ந்து மூச்சை இழுப்பதற்கு ஒரு கணம் முன்னால், இடது பக்கத்தில் ஒரு மூச்சு மட்டும் முந்திக்கொண்டது.

குனியோ எழுந்துவிட்டார்.

"இவதான்," என்றார்.

தொகுனாகா அம்மாளுக்குக் கண் கலங்கியது. "அவளேதான். மூச்சை முந்தி எடுக்குறான்னு குழு நடத்துற அம்மா திட்டுறது இது ஒண்ணுக்குத்தான். உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

என்னவென்று சொல்வார்? சாப்பாட்டு மேஜையில் தான் விரித்த செய்தித்தாளுக்கு அந்தப் பக்கம் இந்த மூச்சை ஆயிரம் முறை கேட்டிருக்கிறார். ஏதோ சொல்ல வருவாள், மூச்சை இழுப்பாள், தாள் கீழே இறங்குகிறதா என்று பார்ப்பாள். இறங்காது. மூச்சு மெல்ல வெளியே போய்விடும், அவள் பாத்திரம் கழுவப் போவாள். மனைவியின் மொத்தத்தில் அவருக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அந்தப் பெரிய பெட்டியையே வாங்கிவிடுவதாக வாய் குழறச் சொன்னார். மியாகே சிடியை எடுத்து, இருப்பதிலேயே மலிவான பெட்டியில் போட்டார், சத்தத்தை அளந்து சமப்படுத்தினார். அதே மூச்சு, அதே இடத்தில்.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், அரிசி குக்கருக்குப் பக்கத்துப் பெட்டியில் போட்டார். மூன்றாவது பாட்டு. இரைச்சலுக்கு அடியில், மங்கலாக, அங்கேயும் இருந்தது. எல்லா நாளும் அங்கேயே இருந்திருக்கிறது. ஓட்டத்தைப் பின்னுக்கு இழுத்து மறுபடி கேட்டார். பிறகு மேஜையில், தன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, எதிரே இருந்த காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு இன்னொரு முறை ஓடவிட்டார். அவள் மூச்சை இழுத்தாள்.

"சொல்லு ஃபுசாயே, கேக்குறேன்," என்றார்.

நாற்பது பேரும் பாடத் தொடங்கினார்கள்.