தண்ணீர் உள்ள கல்லூரி தேடி

நீச்சல் கோட்டாவில் கல்லூரி சீட் தேடுவது ஒரு முழுநேரத் தொழில். நீந்துவது அதில் மிகச் சின்ன வேலை. மீதி நேரமெல்லாம் குடும்பத்தோடு காரில் போவது, குடும்பத்தோடு காத்திருப்பது, குடும்பத்தோடு சண்டை போடுவது. கைப்பந்தோ கபடியோ ஓட்டமோ, எந்தக் கோட்டாவில் அலைந்தவராக இருந்தாலும் நீங்கள் என் சொந்தக்காரர்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அந்தக் கோடையில் நான் கேட்டது ஒன்றே ஒன்று: நீச்சல்காரிக்கு இடம் தருகிற கல்லூரியில், அவள் நீந்தத் தண்ணீரும் இருக்க வேண்டும். இது பேராசையா என்று நீங்களே சொல்லுங்கள்.

தட்டோடு போன குடும்பம்

ஆரணியில் எங்கள் வீட்டில் மூன்று தறி. அப்பா பட்டு நெய்கிறார். நெய்ததை வீட்டிலேயே விற்கவும் செய்கிறார். சித்தப்பாவிடம் பழைய கார் ஒன்று உண்டு. முதல் கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் நான் டிராக் சூட்டோடு வெளியே வந்தால், அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்கிறார்கள். அம்மா பட்டுப்புடவையில். கையில் தாம்பாளம். அதில் ஆப்பிள், சாத்துக்குடி, வெற்றிலை பாக்கு, இரண்டு முழம் மல்லி.

“அம்மா, அங்க பி.டி. சார் என் டைமிங்கைத்தான் பார்ப்பாரு, தட்டை இல்ல” என்றேன். “ஒண்ணு கேக்கப் போற எடத்துக்கு வெறுங்கைய வீசிகினு போவாங்களா?” என்றார் அம்மா. டைமிங் என்பது உடம்பின் உழைப்பு, தட்டு என்பது சிபாரிசின் ஆரம்பம் என்று போளூர் ரோடு முழுக்க விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. கல்லூரி வாசலில் காவலாளி எங்களை மேலும் கீழும் பார்த்தார். நடுவில் தலைகுனிந்து நின்ற என்னைத்தான் கொஞ்சம் அதிகமாகப் பார்த்தார். பிறகு பரிவோடு கையை நீட்டி வழி காட்டினார்:

“கல்யாண மண்டபம் அடுத்த கேட்டும்மா. பொண்ணை இன்னும் ரெடி பண்ணவே இல்லியா?”

போணி

அந்தக் கல்லூரியின் நீச்சல் குளத்தைப் பார்த்தோம். குளம் என்று பலகையில் எழுதியிருந்தது. உள்ளே வேப்பங்கன்று ஒன்று என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. “வேலை நடந்துகினு இருக்குதுங்க” என்றார் பி.டி. சார். நல்ல மனிதர். என் சான்றிதழ்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, “இப்பவே சீட் தர்றேன், சேர்த்துடுங்க” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொல்லிவிட்டார்: “சரிங்க.”

காரில் ஏறியதும் வெடித்தேன். அப்பா அமைதியாகக் காரணம் சொன்னார். காலையில் முதலில் வருகிற கல்யாணக்காரர் குறைந்த விலைக்குக் கேட்டாலும் அப்பா இல்லையென்று திருப்பி அனுப்பமாட்டார். போணியைத் தட்டினால் அன்றைக்கு முழுக்க வியாபாரம் படுத்துவிடும். என் விஷயத்தில் முதன்முதலாக வாய் திறந்து கேட்டவர் இந்த பி.டி. சார். அதனால் சரி.

“நான் என்ன புடவையாப்பா?” என்றேன். பதினேழு வருடம் வளர்த்த பெண்ணை முதல் கிராக்கிக்கே கொடுத்துவிடுவதா, கிராக்கியிடம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லையே, நான் நான்கு வருடம் விடியற்காலை பஸ்ஸில் வேலூருக்குப் போய்ப் பயிற்சி செய்தது வேப்பங்கன்றைச் சுற்றி வரவா என்று வரிசையாகக் கேட்டேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்குவது அவரால் ஆகாத காரியம். சித்தப்பா எனக்காகப் பேசுவார் என்று அவர் பக்கம் திரும்பினேன். அவர் கியர் மாற்றியபடி சொன்னார்:

“தண்ணி இல்லன்னா ஒரு வகையில நிம்மதிதான், மூழ்கிடுவியோன்னு பயம் இல்ல பாரு.”

மறுநாள் வாதம்

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பாவின் நியாயத்தை வைத்தே அப்பாவை மடக்குவது.

“அப்பா, போணி ஆனதும் கடையைச் சாத்திடுவீங்களா?”

“இல்ல.”

“அடுத்து வர்றவங்களுக்கும் புடவை காட்டுவீங்கதானே?”

“காட்டுவேன்.”

“அப்போ என்னையும் நாலு எடத்துல காட்டுங்க.”

அப்பா தறியை நிறுத்தினார். “பார்த்துட்டு வரலாம். ஆனா சொன்னது சொன்னதுதான்” என்றார். எனக்கு அது போதும். குதித்துக்கொண்டு வெளியே வந்தால், காரைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தப்பா நிமிர்ந்தார்:

“நேத்து நான் புடவையான்னு அந்தக் கத்து கத்தின. இன்னைக்கு நீயே மடிப்பு பிரிச்சுக் காட்டச் சொல்றியே.”

மத்தியான வெயில்

இரண்டாவது கல்லூரியில் தண்ணீர் இருந்தது. நீலமாக, நிறைய. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காலையும் மாலையும் ஆண்களுக்கு, பெண்களுக்கு மட்டும் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை என்று கதவில் எழுதியிருந்ததைக் கவனிக்கும் வரை. எனக்கு இதுபோன்ற பலகைகள் சோற்றில் உப்பு மாதிரி. இல்லாவிட்டால் பேச்சு ருசிக்காது. நேரே பயிற்சியாளரிடம் போனேன். காலையில் பெண்களுக்குத் தண்ணீர் ஈரமாக இருக்காதா என்று கேட்டேன். வழக்கம் அப்படித்தான் என்றார். வழக்கத்தை யார் போட்டது, அவர் நீந்துவாரா என்று கேட்டேன். அம்மா என் முழங்கையைக் கிள்ளினார். சரி, அதை விடுங்கள், அந்த இரண்டு மணி நேரமும் வகுப்பு நடக்குமே, நான் எங்கே இருப்பது என்று கேட்டேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போனார்:

“ஸ்போர்ட்ஸ் கோட்டால வர்ற பொண்ணு, வகுப்பை எல்லாம் ஏம்மா கேக்குற?”

பட்டும் பொண்ணும்

மூன்றாவது, சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரி. எங்கே பார்த்தாலும் நீச்சல் உடையில் பெண்கள், ஈரக்காலோடு ஓடுகிறார்கள், சிரிக்கிறார்கள். தேர்வுக்கு எட்டுப் பேர் வந்திருந்தோம். இடம் இரண்டு. இரண்டு பந்தயம், இரண்டையும் சேர்த்துக் கணக்கு என்றார் பயிற்சியாளர் மேடம்.

நான் கைகால்களை உதறிக்கொண்டிருந்தபோது அப்பா குளத்தின் ஓரத்தில் வேட்டியைத் தூக்கிக்கொண்டு குந்திவிட்டார். தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். விரலில் தேய்த்தார். நூலுக்குச் சாயம் ஏற்றும் இடத்திலும் அவர் முதலில் தண்ணீரைத்தான் சோதிப்பார். எனக்கு மானம் போயிற்று. மேடம் விசிலைக் கழற்றிவிட்டு அருகே வந்தார். அப்பா கவலையோடு நிமிர்ந்து, “மருந்து வாடை தூக்கலா இருக்குதுங்களே. இதுல பட்டை முக்கினா சாயம் நிக்காதே” என்றார். மேடம் சிரிக்கவே இல்லை.

“பட்டை வீட்டுலயே வச்சுக்கோங்க சார், பொண்ணை மட்டும் உள்ள விடுங்க.”

அம்மாவின் கூச்சம்

முதலில் ஐம்பது மீட்டர். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிகிற பந்தயம், எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மூன்றாவதாகத்தான் தொட்டேன். தலையைத் தூக்கினால் பார்வையாளர் படிகளில் சித்தப்பா எழுந்து நின்று, “விடாத, விடாத” என்று கத்திக்கொண்டிருந்தார். பந்தயம் முடிந்தது அவருக்குத் தெரியவில்லை.

இனி இருநூறு மீட்டர். அது என்னுடையது. ஆரம்பத்தில் பறக்கிறவர்கள் மூச்சு வாங்கும்போதுதான் எனக்குச் சூடு பிடிக்கும், வாதத்திலும் அப்படித்தான். பாதித் தூரத்தில் ஒருத்தியைத் தாண்டினேன். கடைசித் திருப்பத்தில் இன்னொருத்தி. சுவரைத் தொட்டபோது எனக்கு முன்னால் ஒரே ஒருத்திதான் இருந்தாள். படிகளில் நடந்ததை சித்தப்பா பிறகு சொன்னார். முதல் பந்தயத்தின்போது அம்மாவின் பக்கத்தில் ஓர் அம்மாள், “வயசுப் பொண்ணு, இத்தனை பேர் பார்க்க இந்த டிரெஸ்ல... உங்களுக்குக் கூச்சமா இல்லிங்களா?” என்று கேட்டிருக்கிறார். அம்மா குளத்திலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்லியிருக்கிறார்:

“கூச்சமாத்தாங்க இருக்குது, மூணாவதா இல்ல வந்துகினு இருக்கா.”

சொன்ன சொல்

மொத்தத்தில் எனக்கு இரண்டாவது இடம். “சீட் உனக்குத்தான்” என்றார் மேடம். “ஆனா இப்பவே சொல்லணும். அடுத்த பொண்ணு வெளிய நின்னுகினு இருக்கா.”

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். காரில் வரும்போதே ஏழு காரணங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். முதல் காரணத்தைத் தொடங்கினேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் தறியை விட்டுவிட்டு என்னோடு வேலூருக்கு வந்ததே இல்லை. நான் நீந்தி அன்றைக்குத்தான் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. நான் திரும்பும் ஒவ்வொரு முறையும் சுவர் ஓரத்திலேயே நின்றிருக்கிறார்.

“நீ பேசாத பாப்பா. சொன்னவன் நானு, நான்தான் கேட்டுக்கணும்” என்று சொல்லி, அந்த முதல் பி.டி. சாருக்கு போன் போட்டார். சித்தப்பா எட்டி ஸ்பீக்கரை அமுக்கினார். “சார், வாக்கு கொடுத்துட்டு இப்படிக் கேக்கறது தப்புதான். நீங்க வேணாம்னு சொன்னா நான் பொண்ணைக் கூட்டிகினு அங்கயே வந்துடறேன். ஆனா அவ நீந்தறதை இன்னைக்குத்தான் சார் பார்த்தேன்.”

என்ன மனிதர் இவர், முடிவை அந்த ஆள் கையில் கொடுத்துவிட்டாரே. போனில் சிரிப்பு கேட்டது.

“அங்கயே சேர்த்துடுங்க சார். எங்க குளம் உங்க பேத்திக்குத் தயாராயிடும், அவளுக்கு இப்பவே சரின்னு சொல்லிட்டுப் போங்க.”

இப்போது தினமும் காலையில் தண்ணீருள்ள குளத்தில் நீந்துகிறேன். அதற்குள் இருக்கும்வரை என்னோடு வாதாட ஒருவரும் இல்லை என்பது ஒன்றுதான் குறை.