கால் இஞ்ச் போல்ட்டு

தலைக்கு மேலே கூரை பெயர்ந்து விழுந்தால் புத்தியுள்ளவன் கூரையைக் கவனிப்பான். நான் கேமராவுக்கு ஸ்டாண்டு செய்யக் கிளம்பினேன்.

சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கடைசி மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். எங்களுக்கு மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி. அது கசிந்து கசிந்து எங்கள் கிச்சன் கூரையில், சரியாகப் பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு மேலே, ஒரு விரிசல் விட்டது. ஒருநாள் அதிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிமெண்டுத் துண்டு பெயர்ந்து விழுந்தது. மனைவி அப்போதுதான் கை துடைக்க நகர்ந்திருந்தாள். "அடுத்தது என் தலையிலதான் விழப்போவுது," என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நான் அதிகம் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

மொட்டை மாடி மேனேஜ்மெண்டின் பொறுப்பு; சாவியும் அவர்களிடம்தான். விழுந்த துண்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கீழே ஆபிஸுக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி நம்மாள்தான், என் மகன் வயசு இருக்கும். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது எந்தச் சுவரில் பெயர்த்தது என்று தனக்கு எப்படித் தெரியும் என்றான். போனில் நான் எடுத்திருந்த படங்களையும் காட்டினேன். ஒன்று சாய்ந்திருந்தது, ஒன்று கிட்டத்தில், ஒன்று தூரத்தில்.

"இது ரெத்தாக் பியாசா லா, அங்கிள்," என்றான். சாதாரண விரிசல் என்று அர்த்தம். "பெருசாகுதுன்னா ப்ரூஃப் வேணும். ஒரே இடத்துலேருந்து, வாரம் ஒரு படம், மூணு மாசத்துக்கு எடுத்துக் கொண்டாங்க. பிரிண்ட் போட்டு."

அவன் என்னைத் துரத்திவிடச் சொன்னது அது. எனக்கோ அரசாங்கமே அழைத்து வேலை கொடுத்த மாதிரி இருந்தது. ஒரே இடத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால் ஸ்டாண்டு வேண்டும். கடையில் விற்கும் மூன்று கால் ஸ்டாண்டை வாங்கியிருக்கலாம். ஆனால் எங்கள் கிச்சனில் இரண்டு பேர் நின்றாலே ஒருவர் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமான காரணம், நான் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை செய்கிறேன். காசு கொடுத்து ஸ்டாண்டு வாங்கினான் என்று யாராவது சொல்லிவிட்டால் என்ன மரியாதை இருக்கும்?

இணையத்தில் தேடினேன். உலகமெங்கும் என்னைப் போன்ற கஞ்சர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது மனதுக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவர் துணிப்பைக்குள் பயறு கொட்டி அதன்மேல் கேமராவை உட்கார வைத்தால் ஆடாது அசையாது என்றார். தலையணை உறை ஒன்றை வெட்டி, இரண்டு கிலோ பச்சைப்பயறு நிரப்பி, ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, என் பழைய கேமராவை அதில் சாய்த்தேன். அருமையாக இருந்தது. தவக்கால வெள்ளிக்கிழமை வந்தது. பயற்றங்கஞ்சி குடித்துவிட்டு எழுந்து பார்த்தால் கேமரா மல்லாந்து கிடக்கிறது. பாதி ஸ்டாண்டு என் வயிற்றில். மனைவியைக் கேட்டதற்கு, வீட்டில் வேறு பயறு இல்லை என்று பதில் வந்தது.

அடுத்த திட்டம் இன்னும் உயர்ந்தது. சிங்க்குக்கு எதிரே அடுப்பு. அடுப்புக்கு மேலே ஜன்னல் கிரில். அந்தக் கிரில்லிலிருந்து கை நீட்டின மாதிரி ஒரு பிளாஸ்டிக் பைப்பு, அதன் நுனியில் கூரையைப் பார்த்தபடி கேமரா. பைப்புத் துண்டுகள் எங்கள் தொழிற்சாலைக் குப்பையில் கொட்டிக் கிடந்தன. கேமராவின் அடியில் இருக்கும் ஓட்டையில் திருக ஒரு போல்ட்டு மட்டும் வேண்டும். அது கால் இஞ்ச் போல்ட்டு.

எங்கள் ஸ்டோரில் இருப்பதெல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. ஒரு ஹார்ட்வேர் கடையில் போய்க் கால் போல்ட்டு கேட்டேன். கவுண்டரில் நின்றவர், "எந்தக் காலுக்கு அண்ணே, மேசைக்கா நாற்காலிக்கா?" என்றார். கேமராவுக்கு என்றேன். கேமராவுக்கு ஏது கால் என்று அவர் சிரிக்க, பக்கத்தில் நின்றவர்களும் சிரிக்க, நான் ரோஷப்பட்டு அடுத்த கடைக்குப் போனேன். இப்படியே நான்கு சனிக்கிழமைகள் போயின. அந்த நாட்களில் மனைவி கூரையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பொறுமை போய், ஆறு மில்லிமீட்டர் போல்ட்டையே வைத்துத் திருகினேன். பார்வைக்கு ஒரே பருமன்தானே. இரண்டு சுற்று சமர்த்தாகப் போனது. மூன்றாவது சுற்றில் கடக்கென்று ஒரு சத்தம். போல்ட்டு உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. அந்தக் கேமரா இன்றும் போல்ட்டோடு அலமாரியில் இருக்கிறது, பில்லுகள் பறக்காமல் இருக்க.

பிறகு போல்ட்டே வேண்டாம் என்று, ஒரு சோப்பு டப்பாவை வெட்டி, பைப்பு நுனியில் கட்டி, பழைய போன் ஒன்றை அதில் படுக்க வைத்தேன். தினமும் காலை பத்து மணிக்குத் தானாகவே படம் எடுக்கும்படி அதில் ஒரு ஆப் போட்டேன். பத்து மணிக்கு நான் மாக் மண்டினில் இருப்பேன். வேலை வீட்டில் நடந்துகொண்டிருக்கும். அந்த ஸ்டாண்டு மொத்தம் மூன்று வெள்ளிச் செலவுக்குள் முடிந்தது. பாழாய்ப் போன கேமராவை நான் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்டாண்டைப் பல கோணங்களில் படம் எடுத்து, தெரிந்தவர், தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பினேன். கூட வேலை செய்பவர்கள் கேட்டார்களோ இல்லையோ, மூன்று பேருக்குச் செய்தும் கொடுத்தேன். ஆனால் அந்த ஸ்டாண்டு எடுத்த படம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அதுதான் தானாக எடுக்கிறதே.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு மோட்டாரில் போகும்போது, பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியின் சிவப்பு ஹெல்மெட்டிலிருந்து நெத்திலிக் கருவாட்டு வாடை வந்தது. கண்ணாடியில் எண்ணெய்ப் புள்ளிகள் வேறு. ஹெல்மெட்டைக் கிச்சனிலா வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். ஆமாம் என்றாள். சோப்புப் போட்டுக் கழுவு, கோயிலில் மானம் போகிறது என்று சொல்லிவிட்டு மோட்டாரை முறுக்கினேன்.

மூன்று மாதம் ஆனது. திங்கட்கிழமைப் படங்களாகப் பன்னிரண்டைத் தேதி பார்த்துப் பொறுக்கிக் கடைக்கு அனுப்பினேன். பிரிண்ட் போட்டு உறையில் போட்டுக் கொடுத்தார்கள். பிரித்துக்கூடப் பார்க்காமல் ஆபிஸில் அந்தத் தம்பி மேசைமேல் வைத்தேன். மனதுக்குள் எனக்கு நானே மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

அவன் படங்களை வரிசையாகப் பரப்பினான். கொஞ்ச நேரத்தில் அவன் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "என்ன அங்கிள், விரிசல் சின்னதாயிட்டே வருது?"

குனிந்து பார்த்தேன். முதல் நாலு படத்தில் விரிசல் நடுவில் அழகாக இருந்தது. ஐந்தாவதில் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. எட்டாவதில் பாதிதான் தெரிந்தது. பத்தாவதில் வால் மட்டும். அடுப்புச் சூட்டில் என் பைப்பு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இளகித் தலை குனிந்திருக்கிறது. கூரையைப் பார்க்க வேண்டிய போன் சிங்க்கைப் பார்க்கத் தொடங்கிவிட்டது.

"கடைசிப் படத்துல விரிசலே இல்ல. தானாவே நல்லாயிடுச்சு லா," என்று சிரித்தவன், அந்தப் படத்தைக் கையில் எடுத்தான். சிரிப்பு நின்றது. "இது யாரு?"

பத்தாவது படத்தின் அடியில் சிவப்பாக ஏதோ வளைவு தெரிந்தது. முதலில் வாளி என்று நினைத்தேன். பதினொன்றாவதில் அது ஹெல்மெட். பன்னிரண்டாவதில் என் மனைவி முழுசாக நின்றாள். நைட்டி, தோளில் துண்டு, தலையில் ஹெல்மெட். தாடைக்கு அடியில் வாரைக்கூட மாட்டியிருந்தாள். குனிந்து சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரி என்று சொன்னேன். அவமானமாக இருந்தது, அவன் முன்னால் அல்ல.

அவன் போனை எடுத்து, காண்டிராக்டரிடம் மலாயில் கடுகடுவென்று பேசினான். வியாழக்கிழமை ஆள் வரும் என்றான். பதினொரு படங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடைசிப் படத்தை மட்டும் ஃபைலில் வைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். முதல் துண்டு விழுந்த மறுநாளிலிருந்து என்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீங்க கால் இஞ்ச் போல்ட்டு தேடிக்கிட்டு இருந்தீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்து மாட்டப் போனாள். வியாழக்கிழமைவரை நானே கழுவுகிறேன் என்று சிங்க்குக்கு முன்னால் போய் நின்றேன். அவள் மறுக்கவில்லை. ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, வாரை இறுக்கி மாட்டிவிட்டாள். நெத்திலி வாடை தாங்கவில்லை.

சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, அவள் நிற்கும் இடத்தில் நின்று மேலே பார்த்தேன். விரிசல் சிங்க்கைத் தாண்டி அடுப்புவரைக்கும் வந்திருந்தது.